மிஞ்சும் சாணவாயுவை எங்கே வைப்பது? கேள்வியும் பதிலும்

நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். மட்டக்களப்புப் படுவான்கரையில் ஐந்து மாடுகளும், அவற்றின் சாணத்திலிருந்து சமையலுக்கு வாயு எடுக்கும் ஒரு சாணவாயுக் குழியும் வைத்திருக்கிறேன். 2022இல் காஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்று அலுத்துப்போய்க் கட்டிய குழி அது. எப்படிக் கட்டுவது என்று கேட்பவர்களைவிட, மிஞ்சுகிற வாயுவை எங்கே வைப்பது என்று கேட்பவர்கள்தான் அதிகம். வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்கள் இவை.

செங்கலடியிலிருந்து ஒரு தம்பி: சேர், காலையில் சமைத்தது போக வாயு மிஞ்சுகிறது. பழைய குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசரைக் கழற்றி, வெற்று 12.5 கிலோ சிலிண்டரில் அடைத்து வைக்கலாம் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். நாங்களும் செய்யலாமா?

செய்யாதீர்கள், தம்பி. வந்த கேள்விகளில் பாதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். சாதாரண வெப்பத்திலேயே சில பார் அமுக்கம் கொடுத்தால் இரண்டும் திரவமாகிவிடும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அமுக்கம்). அதனால்தான் அவ்வளவு சிறிய இரும்புக் கூட்டுக்குள் ஒரு மாதச் சமையல் அடங்குகிறது. நம்முடைய வாயுவில் எரிவது மெதேன். அது −82 பாகை செல்சியசுக்கு மேல் எவ்வளவு நெருக்கினாலும் திரவமாகாது. மட்டக்களப்பு வெயிலில் அதைத் திரவமாக்க நினைப்பது கச்சான் காற்றில் பனிக்கட்டி காயப்போடுவது மாதிரி.

சரி, வாயுவாகவே அடைத்தால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சிலிண்டரின் உட்கொள்ளளவு ஏறக்குறைய 30 லீற்றர். உங்கள் கொம்பிரசர் 8 பார் வரை தள்ளினாலும் உள்ளே போவது 240 லீற்றர் வாயு. ஓர் அடுப்பு மணிக்கு 300 லீற்றர் குடிக்கும். ஒரு மணி நேரம் ஆவதற்குள் சிலிண்டர் காலி. கடையில் வாங்கிய 12.5 கிலோவில் இருக்கும் வெப்பத்தைச் சாணவாயுவில் பெற வேண்டுமானால் 27 கன மீற்றர், அதாவது 27,000 லீற்றர் வேண்டும். நூறில் ஒரு பங்குக்காகவா இந்த விளையாட்டு?

ஆபத்து இன்னொரு பக்கம். குழியில் வாயு தீர்ந்த பிறகும் கொம்பிரசர் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எங்காவது ஒரு மூட்டு வழியே வெளிக்காற்றை இழுக்கும். மெதேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அந்தக் கலவையை நீங்களே சூடாக்கி, நெருக்கி, இரும்புக்குள் பூட்டுகிறீர்கள். போதாததற்கு, நம் வாயுவில் இருக்கும், கூமுட்டை நாற்றம் தரும் ஐதரசன் சல்பைட்டும் ஈரமும் சேர்ந்து உருக்கையும் பித்தளை வால்வையும் உள்ளிருந்து அரிக்கும். வெளியே வர்ணம் பளபளவென்று இருக்கும்.

2021 கடைசியில் நாடெங்கும் வீடுகளில் காஸ் அடுப்புகள் வெடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் பற்றித்தான் அப்போது பேச்சு. தொழிற்சாலையில் நிரப்பியதற்கே அந்தப் பாடு.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு சகோதரி: அப்படியானால் எதில்தான் சேர்த்து வைப்பது?

பையில், தங்கச்சி. தடித்த பீவீசி துணியில் ஒட்டிய பை. 1 கன மீற்றர் பை ஒரு கட்டில் அளவுக்கு இடம் பிடிக்கும். ஓர் அடுப்பு மூன்று மணி நேரம் எரியும். அமுக்கம் மிகக் குறைவு. 10 சென்ரிமீற்றர் நீர் உயரத்துக்கு ஈடான அமுக்கமே அடுப்புக்குப் போதும். பை கிழிந்தால் "புஸ்" என்று போகுமே தவிர, இரும்புத் துண்டு பறக்காது. ஆனால் போன வாயு பக்கத்தில் நெருப்பிருந்தால் பற்றும். ஆகவே பை குசினிக்குள் வரக் கூடாது. அடுப்பிலிருந்து குறைந்தது 5 மீற்றர் தள்ளி, நான்கு பக்கமும் திறந்த கொட்டிலில் இருக்கட்டும். கூரை தகரமாக இருக்கட்டும், கிடுகு வேண்டாம். முகட்டில் காற்றுப் போக வழி விடுங்கள்.

என் முதல் பையைத் தென்னையின் கீழ் வைத்தேன். நிழல்தானே என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் ஒரு காய்ந்த மட்டை அடிப்பக்கம் கீழாக வந்து குத்தியது. சாமப்பொழுது, நெருப்பில்லை, மாடுகள் மட்டும் மிரண்டன. காலையில் பார்த்தால் பை செத்த தவளை மாதிரிக் கிடக்கிறது. இரண்டாவது பையை எலி கடித்தது. இப்போது தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், கம்பி வலைக்குள் வைத்திருக்கிறேன்.

வந்தாறுமூலையிலிருந்து ஒரு மாணவர்: சேர், பை நிரம்பிய பிறகும் வாயு வந்துகொண்டிருந்தால் பை வெடிக்காதா?

அதற்குத்தான் தண்ணீர்ப் பூட்டு. குழியிலிருந்து வரும் குழாயில் ஒரு கிளை எடுத்து, அதன் நுனியைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கிவிடுங்கள். அமுக்கம் அதைத் தாண்டினால் வாயு குமிழியிட்டு வெளியேறும். ஒரு சதமும் செலவில்லாத பாதுகாப்பு வால்வு. போத்தல் வெளியில், நெருப்பில்லாத இடத்தில் இருக்க வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது போத்தல் தண்ணீர் சத்தமில்லாமல் வற்றிவிடும். "குழி செத்துப்போச்சு, வாயுவே இல்லை" என்று ஒருவர் என்னைக் கூட்டிப்போனார். போத்தலைப் பார்த்தேன், அடியில் இரண்டு விரல் தண்ணீர். ஊற்றிவிட்டு வந்தேன். நான் தண்ணீர் மேல் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விடுவேன்; வற்றுவது மெதுவாகும்.

அடுப்புக்குப் போகும் குழாயில் இன்னும் இரண்டு வேண்டும்: தாழ்ந்த இடத்தில் ஈரம் சேர ஒரு வடிகுழாய், அடுப்பருகே சுடர் பின்னோக்கி ஓடாமலிருக்கக் குழாய்க்குள் சுருட்டி வைத்த நெருக்கமான கம்பி வலை. சுடர் துள்ளித் துள்ளி எரிந்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம்.

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரர்: கூமுட்டை நாற்றம் வீட்டில் தாங்க முடியவில்லை. அதை எடுக்க என்ன செய்யலாம், சேர்?

லேத் வேலைத்தளத்தில் கேட்டால் இரும்புச் சீவல் தருவார்கள். அதைத் தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க விட்டு, ஒரு பீவீசி குழாயில் தளர்வாக அடைத்து, வாயுவை அதன் வழியே விடுங்கள். துரு அந்த ஐதரசன் சல்பைட்டைப் பிடித்துக்கொள்ளும். சீவல் கறுத்துப்போனால் எடுத்து வெளியில் பரப்புங்கள், திரும்பவும் துருவாகும். பரப்பும்போது நனைத்துவிடுங்கள், காற்றுப் பட்டதும் சூடேறிப் பற்றக்கூடும்.

ஆனால் நாற்றத்தை முழுவதுமாக ஒழித்துவிடாதீர்கள். வாயு கசிவதை முதலில் சொல்வது அந்த நாற்றம்தான். வீட்டில் தாங்க முடியாத அளவுக்கு நாற்றம் என்றால் எங்கோ கசிகிறது. முதலில் கதவு, ஜன்னலைத் திறந்து, நெருப்பில்லாமல், சவர்க்கார நுரையை மூட்டுகளில் தடவிப் பாருங்கள். நெருப்புக்குச்சி உரசிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

வாகரையிலிருந்து ஒருவர்: குழியைத் துப்புரவாக்க உள்ளே இறங்கலாமா?

கூடாது. அந்தக் கூமுட்டை நாற்ற வாயு நச்சு; அதிகமானால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்குகிறவர்தான் விழுகிறார். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். மேலே நின்றே நீளக் கம்பு வாளியால் அள்ளுங்கள்.

திருக்கோவிலிலிருந்து ஓர் அம்மா: மாரியில் என்ன செய்வது, மகன்? எங்கள் வளவில் வெள்ளம் நிற்கும்.

அம்மா, பையில் உள்ளதை மழைக்கு முன்பே எரித்துத் தீர்த்துவிடுங்கள். நிரம்பிய பை வெள்ளத்தில் மிதந்து குழாயை முறித்துக்கொண்டு போகும்; காற்றடித்தால் பாய் விரித்த தோணிதான். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெற்றுப் பையைச் சுருட்டி வீட்டுக்குள் வையுங்கள். பைக்குப் போகும் வால்வை மூடினாலும், தண்ணீர்ப் பூட்டு வழியே குழியின் வாயு வெளியேற வழி இருக்க வேண்டும். அதையும் சேர்த்து அடைத்துவிடாதீர்கள். போத்தல் வெள்ளத்தில் அமிழாத உயரத்தில் இருக்கட்டும்.

மண்டூரிலிருந்து ஒரு தம்பி: வைகாசிச் சடங்குக்கு அன்னதானம் சமைக்க ஒரு மாதம் வாயுவைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறோம். உழவு இயந்திர டியூப்களில் நிரப்பி ஏற்றிப் போகலாமா?

டியூப் சிலிண்டரைவிடப் பரவாயில்லை. தளர்வாக ஊதினால் ஒன்றில் சில நூறு லீற்றர் பிடிக்கும்; ஒரு சிறிய அடுப்பு ஒரு மணி நேரம் எரியும். கோயில் கிடாரத்துக்கு எத்தனை டியூப் வேண்டும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். திறந்த வண்டியில், வெயிலில், சுருட்டுப் பிடிப்பவர் பக்கத்தில் இருக்க, அந்தப் பயணத்தை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

ஒரு மாதம் சேர்ப்பதென்றால் வாயுவாகச் சேர்க்காதீர்கள். சாணமாகச் சேருங்கள். 25 கிலோ பச்சைச் சாணம் ஏறக்குறைய 1 கன மீற்றர் வாயு. சாணமாகக் கிடக்கும்போது அது வெடிக்காது, எலி கடிக்காது, மட்டை விழுந்தாலும் ஒன்றுமில்லை. நானே பையில் ஒரு நாள் வாயுவுக்கு மேல் வைப்பதில்லை. மிஞ்சினால் குழிக்குப் போடுவதைக் குறைத்து, மீதியை நிழலில் குவித்துவிடுகிறேன். காய்ந்தால் வீரியம் குறையும்.

அன்னதானத்துக்கு விறகு கட்டுங்கள், தம்பி. சடங்கு முடிந்து உங்கள் குழியை வந்து பார்க்கிறேன். கொம்பிரசர் ஏதும் வாங்கி வைத்திருந்தால் அதற்குள் விற்றுவிடுங்கள்.