ட்ராக் கார் வாங்கப் போறீங்களா? வாசகர் கேள்வி-பதில்

போர்ஷே 911 ஜிடி3 வாங்க ஆசை. வாரத்தில் நாலு நாள் ஓ.எம்.ஆரில் ஓட்டுவேன், மாதம் ஒருமுறை இருங்காட்டுக்கோட்டை ட்ராக். பின்னால் விங் இல்லாத 'டூரிங்' மாடல் எடுத்தால் குலுக்கல் குறைவு என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

உண்மையில்லை. இந்த நம்பிக்கையில் டூரிங் எடுத்து ஏமாறுபவர்கள் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறோம். 2021-ல் வந்த 992 தலைமுறை ஜிடி3-யில் டூரிங் என்பது நிலையான விங்கை எடுத்துவிட்டு உள்ளே தோலும் வெளியே அடக்கமான தோற்றமும் கொடுத்த கார். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், முன் சக்கரத்தின் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், 20 அங்குல முன் டயர், 21 அங்குலப் பின் டயர், 510 குதிரைசக்தி 4 லிட்டர் எஞ்சின் எல்லாமே விங் வைத்த காரில் உள்ளவைதான். அழகுக்காக எடுங்கள், முதுகுக்காக எடுக்காதீர்கள்.

குலுக்கல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் ஷோரூம் பேச்சில் மயங்க மாட்டீர்கள். ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் கார் ஒரு விநாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று ஒரு கணக்கு உண்டு. சாதாரண குடும்பக் காரில் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ். நாம் நடக்கும்போது உடல் ஏறி இறங்குவதும் ஏறக்குறைய இந்த வேகம்தான், அதனால் உறுத்தாது. ஸ்போர்ட்ஸ் காரில் 1.5 – 2. ட்ராக்குக்கென்று கட்டிய காரில் 2 – 2.5, காரைத் தரையோடு அமுக்கும் காற்றழுத்தத்தை நம்பி ஓடும் ரேஸ் காரில் 3-க்கும் மேல். மேல்-கீழ் அதிர்வில் மனித உடல் அதிகம் சிரமப்படுவது 4 – 8 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில். ஸ்பிரிங் கடினமாக ஆக, கார் அந்த வட்டாரத்தை நோக்கி நகர்கிறது.

ஆனால் ஸ்பிரிங் மட்டுமே காரணமில்லை. ட்ராக் காரில் சஸ்பென்ஷன் ஆர்ம்களின் ரப்பர் புஷ் பலவற்றுக்குப் பதில் உலோக பால் ஜாயின்ட் இருக்கும். ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த சின்னச் சின்ன அதிர்வெல்லாம் நேராக பாடிக்கு வந்து சேரும். டயரின் பக்கச்சுவர் வேறு குட்டை. மேம்பால இணைப்பில் 'டங்' என்று கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டின் வேலை. ஸ்பிரிங்கைத் திட்டிப் பயனில்லை.

நல்ல ஷாக் அப்சார்பர் இதில் பாதியை மன்னிக்க வைக்கும். ஜிடி3-யின் ஷாக் தரமானது. நார்மல் நிலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஒரே அசைவில் அடங்கிவிடும், இரண்டாவது ஆட்டம் இருக்காது. ஸ்போர்ட் நிலையை வழுவழுப்பான ட்ராக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் கருத்து: வாரம் நாலு நாள் ஓ.எம்.ஆர். என்றால் ஜிடி3 உங்களுக்கான ஒரே காராக இருக்கக் கூடாது. 911-லேயே ரோட்டுக்கான மாடலான கரேரா எஸ் எடுத்து, ட்ராக்குக்குத் தனியாக ஒரு செட் வீலும் டயரும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மனசு ஜிடி3-யிலேயே நிற்கிறது என்றால், முன்பணம் கட்டும் முன் உங்கள் தினசரிப் பாதையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதில் பத்து நிமிடம் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். ஸ்டீயரிங் கையில் இருக்கும்போது வரப்போகும் குலுக்கலுக்கு உடல் தானாகத் தயாராகிவிடும். பயணிக்கு அந்த வசதி இல்லை.

ஜிடி3 ஆர்.எஸ். பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி: முன்பக்க லக்கேஜ் இடத்தை ரேடியேட்டர் பிடித்துக்கொண்டது. 285 கி.மீ. வேகத்தில் 860 கிலோ காற்றழுத்தம் தாங்கும்படி கட்டிய காரை ஊருக்குள் வைத்துக்கொண்டு சிரமப்பட வேண்டாம்.

போலோவுக்கு காய்லோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) போட்டு 50 மி.மீ. இறக்கினேன். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் அருமையாகத் திரும்புகிறது. ஆனால் அவிநாசி ரோட்டில் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஸ்பிரிங் 6 கிலோ (ஒரு மி.மீ. அமுக்கத் தேவையான எடை). ஷாக்கின் கடினத்தை மாற்றும் நாப் 32 கிளிக். எதைத் திருப்பினாலும் வித்தியாசம் இல்லை.
– வாசகர், கோவை

எதைத் திருப்பினாலும் வித்தியாசம் இல்லை என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. உங்கள் கார் ஸ்பிரிங்கில் ஓடவில்லை, பம்ப் ஸ்டாப்பில், அதாவது ஷாக் முழுக்க அமுங்கினால் முட்டும் ரப்பர் கட்டையில், ஓடுகிறது. 50 மி.மீ. இறக்கியபோது ஷாக் உள்ளே போவதற்கு இருந்த தூரத்தையும் தின்றுவிட்டீர்கள். சின்னப் பள்ளத்துக்கே ஷாக் உடலின் மேல் விளிம்பு அந்த ரப்பர் கட்டையில் போய் முட்டுகிறது. முட்டிய பிறகு கிளிக் என்ன செய்யும்?

உறுதிப்படுத்த ஐந்து ரூபாய்கூட ஆகாது. முன் சக்கரத்தைக் கழற்றி, ஷாக் ராடின் மேல் உள்ள தூசி உறையைத் தூக்குங்கள். பளபளப்பான ராடைச் சுற்றி ஒரு கேபிள் டை மாட்டி, நழுவும் அளவுக்கு மட்டும் இறுக்கி, ஷாக் உடலின் மேல் விளிம்போடு ஒட்டினாற்போல் தள்ளி வையுங்கள். சக்கரத்தை மாட்டி வழக்கமான ரோட்டில் 2 கி.மீ. போய் வாருங்கள். டை எதுவரை மேலே ஏறியிருக்கிறதோ அதுவரை ஷாக் அமுங்கியிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுக்கொண்டு நின்றால் சந்தேகமே வேண்டாம்.

15 முதல் 20 மி.மீ. வரை உயர்த்துங்கள். கீழ் பிராக்கெட்டைத் திருகி உயரம் மாற்றும் வகை காய்லோவரில் உயரம் கூடினாலும் ஷாக்கின் உள் பயணம் கூடாது. அந்த வகையில் ஸ்பிரிங் இருக்கையையும் (ஸ்பிரிங் உட்காரும் தட்டு) பார்க்க வேண்டும். இருக்கையையே திருகும் வகையில் இரண்டும் சேர்ந்து கூடும். பம்ப் ஸ்டாப்பை வெட்டிக் குட்டையாக்கச் சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். ஷாக் அடியில் முட்டி உள்ளே பழுதாகும்.

உயரம் சரியான பிறகுதான் கிளிக். நாபை வலப்பக்கம் மென்மையாக முழுக்கத் திருகி நிறுத்துங்கள், முறுக்காதீர்கள். அங்கிருந்து இடப்பக்கம் எண்ணிக்கொண்டே வந்து 16-ல் வையுங்கள். ஒரே ரோடு, ஒரே 40 கி.மீ. வேகம். மேடு தாண்டியதும் மூக்கு இரண்டு மூன்று முறை ஆடினால் இரண்டு கிளிக் இறுக்குங்கள். தொடர்ச்சியான சிறு மேடுகளில் கார் படிப்படியாக உட்கார்ந்துபோய்க் கல்லாகிவிட்டால் ரீபவுண்ட் (ஸ்பிரிங் விரிவதைத் தடுக்கும் பிடிப்பு) அதிகம். ஸ்பிரிங் மீண்டு வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது என்று அர்த்தம், மூன்று கிளிக் தளர்த்துங்கள். இடமும் வலமும் எப்போதும் ஒரே எண்.

இதற்கும் அடங்காவிட்டால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். முன் சக்கரம் ஒன்றின் மேல் சுமார் 290 கிலோ உட்கார்ந்திருப்பதாக வைத்தால், 6 கிலோ ஸ்பிரிங்கில் ஆட்டம் 2.1 ஹெர்ட்ஸுக்கு மேல். 4 கிலோ ஸ்பிரிங் போட்டால் 1.75 வட்டாரம். அவிநாசி ரோட்டுக்கும் கரிக்கும் நடுவில் நிற்கிற எண் அதுதான். ஸ்பிரிங் மட்டும் தனியாகக் கிடைக்கும், உள்விட்டத்தை அளந்துவிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று, பல ஒர்க்‌ஷாப்பில் தவறுவது. கீழ் ஆர்மின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுக்க இறுக்கக் கூடாது. காரைத் தரையில் இறக்கிய பிறகு ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சில மாதங்களில் கிழியும். எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கல். உயரம் மாறினால் டோ-வும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும், அன்றே அலைன்மென்ட் பாருங்கள். டயரின் உள் ஓரத்தைத் தேய்ப்பதில் கேம்பரைவிட (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) டோ-வின் பங்குதான் பெரிது.

முன்பக்கம் தூக்கும் லிஃப்ட் ஆப்ஷன் தேவையா? விலை அதிகமாக இருக்கிறது.
– வாசகர், மதுரை

தமிழ்நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். இந்தியச் சாலை விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அப்படிக் கட்டியிருந்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது. தெருவில் இருப்பதோ குறுகி நிமிர்ந்து நிற்கும். லிஃப்ட் மூக்கைச் சுமார் 40 மி.மீ. உயர்த்தும், வயிற்றை உயர்த்தாது. அதனால் லிஃப்ட் இருந்தாலும் சாய்வாகவே ஏறுங்கள், ஒரு சக்கரம் முதலில், மற்றது பிறகு. ஏறும் நொடியில் பிரேக்கில் கால் இருக்கக் கூடாது. பிரேக் பிடித்தால் மூக்கு தாழும், அந்த இரண்டு செ.மீ.யில்தான் முன் பம்பரின் உதடு உரசும். வேகத்தை முன்னாலேயே குறைத்துவிட்டு உருண்டபடி ஏறுங்கள்.

பழைய 991 (911-ன் முந்தைய தலைமுறை) ஜிடி3 ஒன்று பார்த்திருக்கிறேன். செப்பாங் ட்ராக்கில் ஓட்ட. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகர், கோலாலம்பூர்

முதலில் எந்த 991 என்று பாருங்கள். 2013-ல் வந்த முதல் பதிப்பு 3.8 லிட்டர், பி.டி.கே. (ஆட்டோமேட்டிக்) கியர் மட்டும். கனெக்டிங் ராட் போல்ட் தளர்ந்து தீப்பிடித்ததால் 2014-ல் உலகம் முழுக்க 785 கார்களின் எஞ்சினை போர்ஷே மாற்றியது. பிறகு அதே 3.8 எஞ்சினில் வால்வைத் தள்ளும் ஃபிங்கர் ஃபாலோயர் தேயும் பிரச்சினை தலைதூக்க, எஞ்சின் வாரண்டியை 10 ஆண்டாக நீட்டித்தது. அந்தக் கெடு இந்தக் கார்களுக்குப் பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே எஞ்சின் மாற்றப்பட்டதா, எந்த ஆண்டில் என்ற காகிதம் இல்லாமல் பேச்சைத் தொடராதீர்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து, டிக் டிக் சத்தமும் மிஸ்ஃபயரும் உண்டா என்று கேளுங்கள்.

இரண்டாம் பதிப்பு 4 லிட்டர், மேனுவல் கியரும் உண்டு. மேனுவல் என்றால் ஓவர்-ரெவ் (எஞ்சின் வரம்பு மீறிச் சுற்றியது) அறிக்கை கட்டாயம். எஞ்சின் கம்ப்யூட்டர் அதிவேகச் சுற்றுகளை ஆறு படிகளில் எண்ணி வைக்கும். கடைசிப் படிகளில் எண் இருந்தால் யாரோ நான்காவதுக்குப் பதில் இரண்டாவது கியரைப் போட்டிருக்கிறார்கள். அது எஞ்சினின் எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்பதும் பதிவாகியிருக்கும். நடந்து பல நூறு மணி நேரம் ஓடியிருந்தால் அச்சம் குறைவு, போன வாரம் என்றால் விலகுங்கள்.

பிரேக் காலிப்பர் மஞ்சள் நிறமாக இருந்தால் பெரும்பாலும் செராமிக் பிரேக் டிஸ்க். அதன் தேய்மானத்தைத் தடிமன் பார்த்துச் சொல்ல முடியாது. டிஸ்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும், கழற்றி எடை போட வேண்டும். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கழற்றும்போது வீல் மோதினாலே பெயரும், வழிகாட்டிக் குச்சி மாட்டித்தான் கழற்ற வேண்டும். ட்ராக்கில் அதிகம் ஓட்டுகிற பலர் செராமிக்கைக் கழற்றி வைத்துவிட்டு இரும்பு டிஸ்க் போடுவது செலவை நினைத்துத்தான். நீங்களும் அதையே செய்யுங்கள்.

வீல் நடுவில் ஒரே நட். இறுக்கம் 600 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 61 கிலோ ஆள் தொங்குவதற்குச் சமம். சாதாரண டயர் கடையில் இதற்கான ரென்ச் இருக்காது. முன் உரிமையாளர் எங்கே டயர் மாற்றினார் என்று கேளுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். டயரின் ட்ரெட் பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆறு வயதான ட்ராக் டயர் கெட்டியாகிப் பிடிமானம் போயிருக்கும்.

கப் 2 (மிஷலினின் ட்ராக் டயர்) டயரில் பிராண்ட்ஸ் ஹாட்ச் ட்ராக் டே. காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?
– வாசகர், லண்டன்

குளிர்ந்த டயரின் எண்ணை நம்பாதீர்கள், சூடான எண்தான் கணக்கு. தொடக்க இலக்காக 32 பி.எஸ்.ஐ. வைத்துக்கொள்ளுங்கள். டயர் 10 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 1.5 பி.எஸ்.ஐ. ஏறும். காலையில் 26 வைத்து, ஐந்தாறு சுற்று ஓட்டி, பிட்டில் நின்ற உடனே அளந்து அதிகம் உள்ளதை இறக்குங்கள். பிராண்ட்ஸ் ஹாட்ச் வலஞ்சுழி, வலத் திருப்பங்கள் அதிகம் என்பதால் இடப்பக்க டயர்கள் கூடுதலாகச் சூடாகும். அந்தப் பக்கம் காலையில் 1 பி.எஸ்.ஐ. குறைவாக வைத்தால் பிட்டில் வேலை மிச்சம். மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன் காற்றை மீண்டும் ஏற்ற மறக்காதீர்கள். ஆறிய பிறகு காற்று மிகக் குறைந்துவிடும், அப்படியே மோட்டார்வேயில் ஏறுவது ஆபத்து. 7 டிகிரிக்குக் கீழே, மழையோடு, இந்த டயரில் போகவே போகாதீர்கள்.

கார்பன் பக்கெட் சீட் எடுக்கலாமா? எனக்கு இடுப்பு வலி உண்டு.
– வாசகர், திருச்சி

சாய்மானக் கோணம் மாறாத சீட் அது. உங்கள் உடலுக்குப் பொருந்தினால் சோபாவைவிட நன்றாக இருக்கும். பொருந்தாவிட்டால் எந்தக் குஷனும் காப்பாற்றாது. ஷோரூமில் பர்ஸையும் போனையும் பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு முப்பது நிமிடம் அசையாமல் உட்காருங்கள். தொடைப் பக்கத்து மேடு மரத்துப்போகச் செய்தால் சாதாரண ஸ்போர்ட்ஸ் சீட்டுக்கு மாறுங்கள். ஏறி இறங்குவதையும் பத்து முறை செய்து பாருங்கள். இடுப்பு வலி கூடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ட்ராக்கில் மோதினால் இன்சூரன்ஸ் வருமா? பிரேக் ஆயில் மாற்றச் சொல்கிறார்கள், கார் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது.
– வாசகர், சென்னை

வராது. நம் ஊர் மோட்டார் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை போன்ற பயன்பாடு வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கும். பாலிசியின் 'பயன்பாட்டு வரம்பு' பகுதியைப் படியுங்கள்.

பிரேக் ஆயிலை மாற்றத்தான் வேண்டும். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அதற்கான வரம்பு 155. சென்னை ஈரக்காற்றில் ஒரு வருடம் என்பது ட்ராக்குக்குப் பழைய ஆயில்தான். கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு போலத் தரைவரை போகும், அதுவும் நேர்ப்பாதையின் முடிவில். ட்ராக் நாளுக்கு முந்தைய வாரம் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயிலுக்கு மாற்றி, நாலு காலிப்பரிலும் குமிழி வருவது நிற்கும் வரை ப்ளீட் செய்யச் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற) சொல்லுங்கள். சீல் உடைத்த டப்பாவில் மிஞ்சியதை அடுத்த முறைக்கு எடுத்து வைக்காதீர்கள்.