ரசிகர் எழுதும் இசைக்குழு வரலாற்றுக்கு மதிப்பு உண்டா?

கேள்வி: நான் ஒரு பழைய ராக் இசைக்குழுவின் தீவிர ரசிகன். அவர்களின் வரலாற்றைத் தமிழில் புத்தகமாக எழுத ஆசை. அவர்களை நேரில் பார்த்ததில்லை, இசையும் முறையாகப் படித்ததில்லை. வெறும் ரசிகர் எழுதும் வாழ்க்கை வரலாற்றை யாராவது மதிப்பார்களா?

பதில்:

எழுதுங்கள். மதிப்பார்களா என்பதற்கு அப்புறம் வருகிறேன். அதே கேள்வியை ஒருவர் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

நான் சேலம் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு டிடிபி சென்டரில் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், இதுதான் தினப்படி வேலை. 2013இலிருந்து 2017 வரை, ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பிக் ஸ்டார் என்ற அமெரிக்க ராக் குழுவின் கதையை எழுதினேன். 128 பக்கம். 200 பிரதி போட்டேன். சீட்டு எடுத்த பணம் அதற்குத்தான் போனது. அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

உங்கள் வீட்டிலும் அந்தக் குழுவின் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். "அவங்க உனக்கு என்ன சொந்தமா?" என்று ஒருவராவது கேட்டிருப்பார். என் அம்மா கேட்டார்.

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். 1996இல் பங்களாவில் தங்கிப் போன விருந்தாளி ஒருவர் ஜீப்பில் ஒரு கேசட்டை விட்டுவிட்டார். யார், எந்த ஊர் என்று தெரியாததால் திருப்பிக் கொடுக்க வழியில்லை. 90 நிமிடக் கேசட், ஒரு பக்கத்துக்கு ஓர் ஆல்பம் என்று பதிவு செய்தது. மேலே பேனாவில் 'பிக் ஸ்டார்' என்று மட்டும் எழுதியிருந்தது. பெரிய பெரிய பாடகர்களின் தொகுப்பு போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நான் அப்போது பத்தாவது, தமிழ் வழி. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆனால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மஞ்சு இறங்கும் சாயங்காலத்தில், லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்கும்போது, யாரோ என் வயதுப் பிள்ளை ஒருவன் தனக்குள் பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. பேட்டரி தீர்ந்து குரல் இழுபடும் வரைக்கும் கேட்பேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் 1971இல் நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய குழு. கிறிஸ் பெல், ஆலெக்ஸ் சில்டன், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ். அவர்கள் பாட்டுப் பதிவு செய்த ஆர்டென்ட் ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலிருந்த பிக் ஸ்டார் என்ற மளிகைக் கடையின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். நம்ம ஊரில் எதிர்க்கடைப் பலகையைப் பார்த்துப் பெயர் வைத்த கணக்கு. சில்டன் 16 வயதிலேயே, 1967இல், பாக்ஸ் டாப்ஸ் என்ற குழுவில் பாடிய பாட்டு அமெரிக்காவில் முதல் இடத்தைப் பிடித்தது. அப்படி ஒரு பையன் இருந்தும், 1972இல் வந்த இவர்களின் முதல் ஆல்பம் 'நம்பர் 1 ரெக்கார்ட்' கடைகளுக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. பத்தாயிரம் பிரதிகூட விற்கவில்லை என்பார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பெல் விலகிவிட்டார். 1974இல் 'ரேடியோ சிட்டி'. அதற்கும் அதே கதி. மூன்றாவது ஆல்பத்தை 1974இலேயே பதிவு செய்தும் அது வெளிவந்தது 1978இல்தான். அதற்குள் குழுவே இல்லை.

இவ்வளவுதான் கதை. ஆனால் ரசிகர்களுக்குள் பெல் கட்சி, சில்டன் கட்சி என்று இரண்டு உண்டு. முதல் ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளுக்கு இருவர் பெயரையும் சேர்த்தே போட்டிருப்பதால், எது யாருடையது என்ற சண்டை ஓயாது. நான் பெல் கட்சி. அதனால்தான் என் முதல் பிரதி, அதாவது அச்சுக்கு முன் எழுதிய வரைவு, கெட்டுப்போனது. நீங்கள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதல் பிரதியில் கிறிஸ் பெல்லை ஒரு தியாகி ஆக்கிவிட்டேன். ஆல்பத்தைக் கடைகளுக்கு அனுப்ப வேண்டிய ஸ்டாக்ஸ் நிறுவனத்தை வில்லன் ஆக்கினேன். அவர்கள் வேண்டுமென்றே ஆல்பத்தைப் புதைத்தார்கள் என்று எழுதினேன். உண்மையில் ஸ்டாக்ஸ், சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைத் தட்டுகளை விற்று வளர்ந்த நிறுவனம், ராக் தட்டுகளை விற்கும் கடைத்தொடர்பு அவர்களுக்குக் குறைவு. அப்புறம் கொலம்பியா என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு செய்துகொண்ட விநியோக ஒப்பந்தத்தில் அவர்களே மாட்டிக்கொண்டு, 1975 கடைசியில் திவாலானார்கள். அவர்களும் மூழ்கிக்கொண்டுதான் இருந்தார்கள். இது படித்தே தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயம். என் கோபம் படிக்க விடவில்லை.

அதைவிட மோசம், பெல்லின் சாவைப் பற்றி நான் எழுதிய நான்கு பக்கம். 1978 டிசம்பர் 27, நடு இரவு தாண்டிய நேரத்தில் காரில் வீடு திரும்பும்போது கம்பத்தில் மோதி இறந்தார். வயது 27. மறுநாள் ஆலெக்ஸ் சில்டனின் பிறந்தநாள். இந்த ஒரு தற்செயலைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கடைசிப் பயணத்தில் அவர் பழைய நண்பனை நினைத்தார், மறுநாள் போன் செய்யலாமா என்று யோசித்தார் என்றெல்லாம் எழுதினேன். எழுதும்போது அழுதேன். அதனாலேயே அது உண்மை என்று நம்பினேன்.

ஏற்காட்டில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருந்தார், என் அப்பாவுக்குப் பழக்கம். பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன்.      

சார் முழுவதையும் படித்தார். இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். அந்த நான்கு பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து மேஜையில் வைத்து, "ஏம்மா, அந்தக் காருக்குள்ள நீ இருந்தியா?" என்றார்.

"இல்லீங்க சார்."

"வேற யாராச்சும் இருந்தாங்களா?"

இல்லை. அவர் தனியாகத்தான் போனார். சார் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, காப்பி கொடுத்து அனுப்பினார். திரும்பி இறங்கும் பஸ்ஸில் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அன்று ராத்திரியே அந்த நான்கு பக்கத்தையும் அழித்துவிட்டு, தேதி, நேரம், இடம் என்று நான்கு வரி எழுதினேன். அந்த நான்கு வரிதான் புத்தகத்தில் இருக்கிறது. படித்தவர்கள் அந்த இடத்தைத்தான் சொல்கிறார்கள்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், நீங்களும் செய்து பாருங்கள். ஒருவர் மட்டும் சொன்ன செய்தியைக் கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தில் அடிப்பேன். தொடர்பில்லாத இன்னொருவரும் சொன்னால் கறுப்பாக்குவேன். ஒருவர் சொன்னதையே மற்றவர் திருப்பிச் சொல்வது இரண்டாகாது, இதில் நிறைய ஏமாந்திருக்கிறேன். சம்பவம் நடந்து எத்தனை வருடம் கழித்துச் சொன்னார் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். 1972இல் நடந்ததை 1990களில் பேட்டியில் சொல்பவர், அதற்குள் குழு புகழடைந்துவிட்டதால், கொஞ்சம் வேறு மாதிரிதான் நினைவுகூர்வார். அது பொய் என்று நான் சொல்லவில்லை. என் அம்மாவும் என் சின்ன வயசுக் கதைகளை வருடா வருடம் மாற்றித்தான் சொல்கிறார். அச்சுக்குப் போகும் முந்தின நாள் 41 வரி சிவப்பாகவே மிச்சம் இருந்தது. சிலதை எடுத்தேன், சிலதற்கு முன்னால் 'என்று இன்னார் மட்டும் சொல்கிறார்' என்று சேர்த்தேன்.

மூன்றாவது ஆல்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் பெல் இல்லை. படிப்பை முடிக்க ஹம்மலும் போய்விட்டார், பின்னாளில் எஞ்சினியராக வேலை பார்த்தார். சில்டனும் ஸ்டீஃபன்ஸும்தான் மிச்சம். எனக்கு அந்த ஆல்பம் பிடிக்காது, அதனால் முதல் பிரதியில் ஒன்றரைப் பக்கத்தில் தள்ளிவிட்டேன். பிடிக்காததைச் சுருக்கமாக முடிப்பதும் ஒருவகைப் பொய்தான். மறுபடி ஒரு மாதம் அதையே கேட்டேன். இப்போதும் அதை முழுசாக ரசிக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உடைந்துகொண்டிருக்கும் ஒருவர் அந்த உடைசலை மறைக்காமல் பாடுகிறார் என்பது புரிந்தது. அது பதினோரு பக்கம் ஆனது.

இசை படிக்கவில்லையே என்று கவலைப்படுகிறீர்கள். நானும் படிக்கவில்லை. 'ரேடியோ சிட்டி'யில் கிடார் ஒலி எப்படி இருக்கும் என்று எழுத ஒரு வாரம் திணறினேன். கடைசியில், செவ்வாய்ப்பேட்டையில் என் சித்தப்பாவின் வெள்ளிப் பட்டறையில், மெருகு போட்ட கொலுசுகளைக் கொத்தாக எடுத்துத் தராசுத் தட்டில் போடும்போது வரும் ஓசை மாதிரி என்று எழுதினேன். பளிச்சென்று, கொஞ்சம் கூர்மையாக, ஒவ்வொரு மணியும் தனித்தனியாக. அந்த வரியைப் படித்துவிட்டு அந்த ஆல்பத்தைத் தேடிக் கேட்டதாக ஓமலூரிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். அது எனக்குப் போதும்.

இப்போது மேடைக்கு வருகிறேன். புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்து ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேச அழைத்தார்கள். மதிப்புரை சொல்ல வந்தவர், "இது வரலாறு இல்லை, ரசிகர் மன்ற நோட்டீஸ்" என்றார். பத்துப் பக்கத்துக்கு மேல் புரட்டவில்லை என்பதையும் அவரே சொன்னார். "இளையராஜா இருக்க, இந்த வெள்ளைக்காரப் பையன்கள் தமிழில் யாருக்கு?" என்றும் கேட்டார். கூட்டம் கை தட்டியது. நான் எழுந்து பதில் சொல்லவில்லை. தொண்டை அடைத்துவிட்டது. அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

ராஜாவின் பாட்டு இல்லாமல் என் வீட்டில் பொழுது விடியாது. ஒன்றைக் கேட்பதால் இன்னொன்று குறையாது. 'ரசிகர்' என்றதும் கட்அவுட்டும் பாலாபிஷேகமும் நினைவுக்கு வருவது நம் ஊர்ப் பழக்கம், அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் முதல் ஆல்பம் பத்தாயிரம் தட்டுகூட விற்காத குழுவின் வரலாற்றை ரசிகர் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்? 1973 மே மாதம் மெம்பிஸில் ராக் இசை பற்றி எழுதுகிறவர்கள் கூடியபோது, பெல் இல்லாத அந்தக் குழு அங்கே வாசித்தது. அதைக் கேட்ட அந்த எழுத்தாளர்கள் அவரவர் ஊருக்குப் போய் எழுதினார்கள். பின்னால் ஆர்.இ.எம். போன்ற குழுக்கள் இவர்கள் பெயரைச் சொல்லின. ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு 1987இல் ஆலெக்ஸ் சில்டன் பெயரிலேயே ஒரு பாட்டுப் போட்டது. பெல் தனியாகப் பாடி வைத்திருந்த பாட்டுகள், அவர் இறந்து 14 வருடம் கழித்து, 1992இல்தான் முழு ஆல்பமாக வந்தன. எல்லாமே கேட்டவர்கள் விடாமல் பிடித்து வைத்திருந்ததால் வந்தது. நாங்கள் மறந்திருந்தால் மதிப்புரை சொல்ல அவருக்கு ஒரு பெயர்கூடக் கிடைத்திருக்காது.

உள்ளூர்க் குழுக்களைப் பற்றி எழுதக் கூடாதா என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்பீர்கள். எழுத வேண்டும். சேலத்தில் கோயில் திருவிழாவுக்குத் திருவிழா வாசித்த மெல்லிசைக் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள்தான் அதை எழுதப் பொருத்தமானவர்கள். என் கைக்கு வந்தது அந்தக் கேசட்.

2010 மார்ச்சில் சில்டன் போனார், அதே ஜூலையில் ஹம்மல் போனார். நால்வரில் இப்போது இருப்பது டிரம்ஸ் வாசித்த ஜோடி ஸ்டீஃபன்ஸ் மட்டும். என் புத்தகத்தில் 63 பிரதி இன்னும் கட்டுப் பிரிக்காமல் கடைப் பரணில் இருக்கிறது. சார் படித்துத் திருத்திய பிரதியை அவர் வீட்டார் எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதைத் தனியாக வைத்திருக்கிறேன்.

நீங்கள் எந்தக் குழு என்று கேள்வியில் சொல்லவே இல்லையே. சொல்லுங்கள். எழுதி முடித்ததும் லேஅவுட் செய்ய வேண்டியிருந்தால் எனக்கு அனுப்புங்கள், நான் காசு வாங்க மாட்டேன். ஒருவர் மட்டும் சொன்ன வரிகளைச் சிவப்பிலேயே அனுப்புங்கள்.