திறக்காத சிப்பி

கேள்வி: பிட்காயின் என்ற கணினி நாணயம் வெறும் நீர்க்குமிழி, டுலிப் பூக்கிழங்கு விலை எகிறிச் சரிந்த பழைய கதைதான் என்கிறார் எங்கள் ஊர் வாத்தியார். துபாயில் இருக்கும் என் மச்சானோ, "ஒவ்வொரு தடவை விழுந்தும் எழுந்து வரவில்லையா?" என்று கேட்டு, புது மீன் வலைக்கு வைத்திருக்கும் பணத்தை அதில் போடச் சொல்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: வாத்தியார் பாதி சரி. மச்சான் கால்வாசி.

2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கிய பிட்காயின், ஒரே வருடத்தில் 3,200 அளவுக்கு இறங்கியது. 2021 நவம்பரில் 69,000; அடுத்த நவம்பரில் 16,000க்கும் கீழே. 1720இல் லண்டனில் சவுத் சீ என்ற வணிகக் கம்பெனியின் பங்கு 128 பவுண்டிலிருந்து 1,000 வரை ஏறி, வருடம் முடிவதற்குள் 200க்குக் கீழே விழுந்தது. அதே முகச்சாயல்தான். ஆனால் சவுத் சீ திரும்ப எழவில்லை. பிட்காயினோ 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. ஏன்?

பதில் உங்கள் பக்கத்துக் கடலிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்த காலத்தில் கீழக்கரையிலிருந்தும் ஆட்கள் போவார்கள். பகலில் குளித்தெடுத்த சிப்பியைச் சாயங்காலம் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள், வாய் திறக்காமலேயே. உள்ளே முத்து உண்டா என்பது விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. நேற்று எவனுக்கோ நல்ல முத்து விழுந்ததாம் என்று பேச்சு கிளம்பினால் போதும், விலை எகிறும். ஆனால் வாங்கிய சிப்பியை அழுகப் போட்டு, ஈ மொய்க்க, நாற்றம் குடலைப் புரட்ட, சில நாளில் கழுவிப் பார்த்தே ஆகவேண்டும். அன்றைக்குக் குட்டு உடைந்துவிடும்.

டுலிப்பும் அப்படியே. 1637 பிப்ரவரியில் ஹாலந்தில் பேரம் நடந்தது மண்ணுக்குள் கிடந்த கிழங்குக்கு. என்றைக்காவது அது பூத்தாக வேண்டும். சவுத் சீ கம்பெனியும் லாபம் காட்டியாக வேண்டும். பிட்காயினில் கழுவிப் பார்க்க ஒன்றுமே இல்லை. அடுத்தவன் தருகிற விலைதான் அதன் விலை. (தங்கமும் அப்படித்தானே என்பீர்கள். அதைக் கழுத்தில் போடலாம், அவசரத்துக்கு அடகு வைக்கலாம்.) சிப்பி திறக்கிற நாள் என்று ஒன்று வராததால், விழுந்தாலும் மறுபடி ஏலம் தொடங்கிவிடுகிறது. மச்சான் இதைப் பலம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிட்காயினில் சுமார் நாலு வருடத்துக்கு ஒருமுறை புது நாணயம் சுரக்கும் அளவு பாதியாகிறது, 2012, 2016, 2020, 2024 என்று. அதனால் விலை ஏறியே தீரும் என்றும் அவர் சொல்வார். நாலு தடவை மீன்பாடு கிடைத்த இடத்தில் ஐந்தாவது தடவையும் கிடைக்கும் என்று நீங்கள் கடன் வாங்கி டீசல் போடுவீர்களா?

அப்புறம், வருமான வரி. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ, அதாவது பிட்காயின் மாதிரியான கணினி நாணயங்கள், தரும் லாபத்தில் 30 சதவீதம் அரசுக்கு. ஒரு நாணயத்தில் பட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.

வலையை வாங்குங்கள். 2022 மே மாதம் லூனா என்ற நாணயம் 80 டாலரிலிருந்து ஒரே வாரத்தில் பைசாவுக்கும் கீழே போனது. அது எப்போது எழும் என்று மச்சானிடம் கேட்டு எனக்கும் ஒரு வரி எழுதிப்போடுங்கள்.