ஏர்கோன் போட்டாலே தும்மல்

கேள்வி: செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். புகைமூட்டக் காலம் வந்தால் மகனுக்கு ஓயாத தும்மல், ஏர்கோன் போட்டால் இன்னும் கூடுகிறது. நிறுத்திவிடலாமா ஐயா? – ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா, முதலில் கழுவுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு முன்மூடியைத் தூக்கினால் வலை மாதிரி வடிகட்டி இருக்கும். எங்கள் வீட்டில் ஒருமுறை கழற்றியபோது சாம்பல் நிறத்தில் கம்பளி போலத் தூசி படிந்திருந்தது, அந்தக் காற்றைத்தான் பிள்ளைகள் இரவு முழுக்கச் சுவாசித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது மனசு பதறிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

அப்புறம், காற்று வரும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சுழலும் உருளையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், வடிகட்டியைக் கழுவினால் மட்டும் போகாது, ஆளைக் கூப்பிட்டு, இரசாயனக் கரைசலால் உள்பாகங்களைக் கழுவும் கெமிக்கல் வாஷ் செய்யச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், தும்மலைத் தூண்டும் தூசி உண்ணிகள் (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிரிகள்) படுக்கையில் நன்றாகப் பெருகும்; படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள்.

சாதாரண வலை நுண்ணிய புகைத்துகளைப் பிடிக்காது. புகைமூட்ட நாளில் ஜன்னலைச் சாத்தி, அந்த நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானை மகன் அறையில் வையுங்கள். மூச்சு இரைத்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.