கார் கேள்வி பதில்: விற்ற காரை மறந்துவிடலாமா?

கேள்வி: இருபது ஆண்டுகளாக ஒரே ஐரோப்பிய நிறுவனத்தின் கார்களையே ஓட்டி வருகிறேன். இப்போது என்னிடம் இருப்பது மூன்றாவது. 2021-ஆம் ஆண்டு இறுதியில் ஒன்பது ஆண்டுத் தவணையில் வாங்கினேன். பதினைந்து மாதம்கூட ஆகவில்லை, அதே மாடலின் புதிய பதிப்பு வந்துவிட்டது. வெளியே விளக்கும் பம்பரும் மட்டும்தான் வேறு. உள்ளே அமர்ந்தால் முற்றிலும் வேறு கார். டேஷ்போர்டின் பாதியைப் பெரிய திரை எடுத்துக்கொண்டிருக்கிறது. என் காரின் திரை அதில் பாதிகூட இல்லை. என் காரிலும் அதைப் பொருத்தித் தர முடியுமா என்று காட்சிக்கூடத்தில் கேட்டேன். "முடியாது சார், பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். மூன்று கார் வாங்கியவனுக்கு இதுதான் மரியாதையா? (வாசகர், பங்சார்)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. புதிதாக வந்த வசதி உங்கள் காருக்குக் கிடைக்கவில்லை என்பது ஒன்று. அது வரப்போகிறது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது மற்றொன்று. முதலாவதற்கு நிறுவனத்திடம் ஓரளவு நியாயமான விடை உண்டு. இரண்டாவதற்கு இல்லை என்பது என் கருத்து.

ஒரு சொகுசுக் காரின் மாடல் பெரும்பாலும் ஏழு ஆண்டுகள் வரை விற்பனையில் இருக்கும்; அதன் நடுவே, மூன்றாவது அல்லது நான்காவது ஆண்டில், முகமும் உட்புறமும் திருத்தப்படும். பழைய காலத்தில் இந்தத் திருத்தம் இருக்கைத் துணியோடும் மரப்பலகையின் நிறத்தோடும் நின்றுவிடும். கணினி காருக்குள் நுழைந்த பிறகு அப்படியில்லை. மெர்சிடிஸ் நிறுவனத்தின் இ-கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் வந்த அந்தத் தலைமுறை, பழைய திரை அமைப்போடு வந்தது. குரலுக்குப் பதில் சொல்லும் எம்.பி.யு.எக்ஸ். என்ற புதிய அமைப்பு, 2018-இல் அதே நிறுவனத்தின் மிகச் சிறிய காரான ஏ-கிளாஸில்தான் முதலில் வந்தது. விலை கூடிய இ-கிளாஸுக்கு அது கிடைத்தது 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். ஆக, 2019-இல் பெரிய காரை வாங்கியவர், அதைவிட மலிவான காரில் இருந்த வசதி இல்லாமலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். எவரும் திட்டமிட்டு ஏமாற்றியதால் நேர்ந்ததில்லை இது. ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனிக் கால அட்டவணை இருப்பதால் நேர்ந்தது.

ஏன் திரையை மட்டும் கழற்றி மாற்ற முடிவதில்லை என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் வானொலிப் பெட்டிக்குப் பெரும்பாலான கார்களில் ஒரே அளவில் ஒரு பொந்து இருந்தது. நான்கு திருகைக் கழற்றினால் பழையது வெளியே வரும், புதியது உள்ளே போகும். இன்றைய திரை என்பது வெறும் முகம். அதன் பின்னால் தனிக் கணினி, கேமராவோடும் இருக்கையோடும் குளிர்சாதனத்தோடும் பேசும் கம்பிகள், திசைச் சக்கரத்துப் பொத்தான்கள், பயணியின் காற்றுப்பை வெடித்து வெளிவரும் கதவு உட்பட ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்ட டேஷ்போர்டு என எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. பல ஐரோப்பியக் கார்களில் ஒலி அமைப்பின் பெட்டிகள் ஒளியிழை வளையமாக இணைக்கப்பட்டிருக்கும்; அந்த வளையத்தில் ஒரு பெட்டி பழுதானால் பாட்டும் நிற்கும், தொலைபேசியும் நிற்கும். ஆடி போன்ற கார்களில் வேறொரு காரின் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினாலும், நிறுவனத்தின் கணினி அனுமதி தராதவரை அது முழுமையாக வேலை செய்யாது. திருட்டைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. உரிமையாளரின் கையையும் சேர்த்தே கட்டிவிட்டது.

இவ்வளவும் உண்மை. ஆயினும் "முடியாது" என்ற சொல்லை நான் அப்படியே ஏற்கமாட்டேன், ஏனெனில் மனம் வைத்த நிறுவனங்கள் செய்து காட்டியிருக்கின்றன. போர்ஷ் நிறுவனம் 2020-இல், அறுபதுகள் முதல் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை வந்த 911 கார்களின் பழைய வானொலிப் பொந்தில் சரியாக அமர்ந்து, கைத்தொலைபேசியோடு இணையும் தொடுதிரைப் பெட்டியை வெளியிட்டது. டெஸ்லா அதே ஆண்டில், தன் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக் கணினியை 2,500 அமெரிக்க டாலருக்கு மாற்றித் தர முன்வந்தது. தொடக்கத்தில் அப்படி மாற்றியவர்கள் எஃப்எம் வானொலியை இழக்க வேண்டியிருந்தது என்றாலும், வழி ஒன்று இருந்தது. வோல்வோ நிறுவனம் 2025-இல் தன் மின்சார இஎக்ஸ்90 காருக்குப் புதிய மையக் கணினியை அறிவித்தபோது, ஏற்கெனவே அந்தக் காரை வாங்கியவர்களுக்கும் பட்டறையில் இலவசமாக மாற்றித் தருவதாகச் சேர்த்தே அறிவித்தது. ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. முதலில் நம்பி வாங்கியவர்தான் அரைகுறையாக இருந்த பொருளுக்கு முழு விலை கொடுத்தவர்.

வசதி கூடவில்லை என்பது வேறு, வாங்கியதே வேலை செய்யாமல் போவது வேறு. அதே டெஸ்லாவின் பழைய திரைக் கணினியில் 8 ஜிகாபைட் நினைவுச் சில்லு ஒன்று இருந்தது. எழுதி எழுதித் தேய்ந்து அது செயலிழக்க, பின்பக்கக் கேமராவும் கண்ணாடிப் பனியை நீக்கும் கட்டுப்பாடும் உடன் போயின. 2021 ஜனவரியில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆணையம் கேட்டுக்கொண்ட பிறகே, அடுத்த மாதம் ஏறத்தாழ 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இப்படிப்பட்ட இடத்தில் உரிமையாளர் கெஞ்ச வேண்டியதில்லை, கேட்கலாம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உறுத்துவது அந்த மௌனம்தான். திருத்திய பதிப்பின் உலக வெளியீடு ஐரோப்பாவில் நடந்து, பல மாதங்கள் கழித்தே அது மலேசியாவுக்கு வந்து சேர்கிறது. மெர்சிடிஸ் பெக்கானிலும் பிஎம்டபிள்யூ கூலிமிலும் வோல்வோ ஷா ஆலாமிலும் பொருத்தப்படுவதால், தொழிற்சாலை புதிய பதிப்புக்கு மாறத் தயாராகும் காலமும் உண்டு. காட்சிக்கூடத்தில் இருப்பவருக்கு நாள் தெரியாமல் இருக்கலாம், திசை தெரிந்திருக்கும். ஒன்பது ஆண்டு கடன் கட்டப்போகிறவரிடம், மூன்றாம் முறையாகத் தேடி வந்தவரிடம், "புதிய உட்புறம் வரப்போகிறது, காத்திருக்கிறீர்களா, அல்லது தள்ளுபடியில் இதையே எடுக்கிறீர்களா?" என்று கேட்பது ஒரு நிமிட வேலை. அதைக் கேட்டிருந்தால் நீங்கள் அந்தக் காரையே மனநிறைவோடு வாங்கியிருக்கவும்கூடும்.

அடுத்த முறை கையெழுத்திடும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். இந்தப் பதிப்பு வெளிநாட்டில் மாறிவிட்டதா என்பது முதலாவது. திரைக்கும் வரைபடத்துக்கும் எத்தனை ஆண்டு வரை மென்பொருள் தருவீர்கள் என்பது இரண்டாவது. வழக்கத்துக்கு மீறிய தள்ளுபடி தானாகவே வந்தால், முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி: என்னுடையது பத்து வயது நிரம்பிய சொகுசுக் கார், முதல் நாளிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். டேஷ்போர்டு வெயிலில் பிசுபிசுக்கிறது. குளிர்சாதனப் பொத்தான்களின் கறுப்புப் பூச்சு உரிந்து விரலில் ஒட்டுகிறது. உத்தரவாதம் முடிந்துவிட்டது, பராமரிப்புக் குறைவு என்கிறார்கள். ஒவ்வொரு சர்வீசையும் அவர்களிடமே செய்தவள் நான். (வாசகி, கிள்ளான்)

பதில்: சகோதரி, இது உங்கள் பராமரிப்புக் குறைவு அல்ல. இதே அனுபவம் எனக்கும் உண்டு. என் பழைய காரில் ஒலியைக் கூட்டும் திருகைத் தொட்டால் கட்டைவிரல் ரேகை அதில் பதியும். ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுக்குமே தவிர, பிசுபிசுப்பு போகாது. அந்த மென்மையான பூச்சு ரப்பர் போன்ற ஒரு வகைப் பிளாஸ்டிக். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் தாக்கும்போது அதன் பிணைப்பு சிதைந்து, பசையாகிவிடுகிறது. கதவை மூடி வெயிலில் நிறுத்தும் கார்களே அதிகமான நம் நாட்டில் இது நேராதிருந்தால்தான் வியப்பு. வெப்பநாட்டில் விற்கும் காருக்கு வெப்பம் தாங்கும் பொருளைப் போடுவது தயாரிப்பாளரின் கடமை.

இதை ஒப்புக்கொண்ட நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் டொயோட்டாவும் அதன் சொகுசுப் பிரிவான லெக்சஸும், வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்த அல்லது வெடித்த டேஷ்போர்டுகளை, வழக்கமான உத்தரவாதம் முடிந்த பிறகும் இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தைக் குறிப்பிட்ட மாடல்களுக்கு அறிவித்தன.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 32-ஆம் பிரிவில், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. தோற்றமும் நீடித்த உழைப்பும் அந்தத் தரத்தில் அடங்கும். 37-ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிபாகமும் நியாயமான காலம் வரை கிடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் விற்கும்போதே "இதற்குப் பொறுப்பேற்கமாட்டோம்" என்று முறையாகத் தெரிவித்திருந்தால் 37-ஆம் பிரிவு உதவாது. ஆகையால் பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல் தொடுக்கலாம். கோரும் உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதால், உங்கள் காரின் வயது உங்களுக்கு எதிராகவே நிற்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. புதிய காரில் இதே குறை தொடங்கியவர்கள் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். கார் சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) பெயரில் தொழிலுக்காக வாங்கப்பட்டிருந்தால், பயனீட்டாளர் என்ற தகுதியே கேள்விக்குள்ளாகலாம்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது, உங்கள் சர்வீஸ் ஆவணங்களின் நகலோடும் வெளிச்சத்தில் எடுத்த படங்களோடும் விநியோகிப்பாளரின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, உதிரிபாக விலையில் ஒரு பகுதியையாவது ஏற்கும்படி கேட்பது. நல்லெண்ணச் சலுகை என்று ஒன்று பல நிறுவனங்களில் உண்டு. கிளையில் இருப்பவர் அதைத் தாமாகச் சொல்லமாட்டார். பளபளப்பு எண்ணெய் எதையும் டேஷ்போர்டில் தடவாதீர்கள். நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள். கண்ணாடிப் படலம் ஒட்டுவதானால் முன்கண்ணாடி 70 விழுக்காடும், முன்பக்கக் கதவுக் கண்ணாடி 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

கேள்வி: காரிலேயே இருக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்கிறார்களாமே? (வாசகர், செந்தூல்)

பதில்: கேட்டார்கள். பிஎம்டபிள்யூ 2022-இல் சில நாடுகளில், ஏற்கெனவே இருக்கைக்குள் பொருத்தியிருந்த சூடேற்றியை இயக்க மாதக் கட்டணம் வைத்தது. எதிர்ப்பு வலுத்ததும் 2023-இல் கைவிட்டது. அதற்கு முன்பே கைத்தொலைபேசி இணைப்புக்கு ஆண்டுக் கட்டணம் வைத்து 2019 டிசம்பரில் அதையும் விலக்கிக்கொண்டது. மெர்சிடிஸ் ஜெர்மனியில் இக்யூஎஸ் காரின் பின்சக்கரம் கூடுதல் கோணத்தில் திரும்ப ஆண்டுக்கு 489 யூரோ கேட்டது. வாங்கியவர்கள் வாய்திறந்தால் இவை மாறுகின்றன என்பதற்கு முதல் இரண்டும் சான்று. வேறொன்றையும் கவனியுங்கள்: மலேசியாவில் 3ஜி சேவை 2021 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடிந்தது. 3ஜி இணைப்புப் பெட்டி மட்டுமே உள்ள காரில், அந்த இணைப்பை நம்பியிருந்த வசதிகள் அன்றோடு போயின. பழைய காரை விலை பேசும்போது இதைக் கேட்டறியுங்கள்.

கேள்வி: ஜப்பானில் ஓடி, புதுப்பிக்கப்பட்டு இங்கே இறக்குமதியான ரீகோன் கார் வாங்கலாமா? உட்புறம் அள்ளுகிறது. (வாசகர், பத்துமலை)

பதில்: வாங்கலாம், ஆனால் அந்த உட்புறத்துக்கு யார் பொறுப்பு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூர் அதிகாரபூர்வ விநியோகிப்பாளர் விற்காத காருக்கு மென்பொருளும் வரைபடமும் அவரிடம் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஜப்பானிய மொழித் திரையைப் பல மாடல்களில் ஆங்கிலத்துக்கு மாற்றவும் முடியாது. ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76-இல் தொடங்கி 95 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, பழைய பெட்டிகளில் 90-இலேயே முடிந்துவிடும். கோலாலம்பூரில் மின்னல் பண்பலை ஒலிப்பது 96.3-இல். இதற்கென ஒரு சிறு பெட்டியை ஏரியல் கம்பியில் இணைத்து அலைவரிசையைக் கீழே இறக்குவார்கள். திரையில் வேறு எண் தெரியும், ஒலியும் சில இடங்களில் இரையும். முன்பணம் கட்டுவதற்கு முன், விற்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வானொலியைப் போடச் சொல்லுங்கள். பிறகு உங்கள் கைத்தொலைபேசியை இணைத்து, காரைப் பின்னால் எடுத்து, கேமராப் படம் வருகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் அங்கேயே வேலை செய்தால் மட்டும் விலை பேசுங்கள். "பிறகு செய்து தருகிறோம்" என்பதை நம்பி ரசீதை வாங்காதீர்கள்.