ஸ்லைடிங் மைட்டர் சா வாங்கும் முன் உங்கள் மரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுத் திருச்சியில் வசிக்கிறேன். ஆர்வத்தால் மரவேலை கற்றுக்கொண்டு வீட்டுக்குத் தேவையானவற்றைச் செய்துவருகிறேன். கைவாளால் 45 டிகிரி அறுத்தால் மூலைகள் சேருவதில்லை. தேக்கு பீடிங் (ஓரங்களில் பொருத்தும் மெல்லிய மரப்பட்டை), போட்டோ ஃபிரேம்கள், பத்து அங்குல அகலத்தில் புத்தக அலமாரி, மாடி அறைக்கு 5×3 அங்குலக் கட்டையில் ஒரு கதவு நிலை, பேத்திக்கு ஊஞ்சல் ஆகியவை திட்டத்தில் இருக்கின்றன. மரத்தைக் கோணம் வைத்துக் குறுக்கே அறுக்கும் மின்வாளான மைட்டர் சாவில், ஸ்லைடிங் வகை அவசியமா? எந்த அளவு வாங்குவது? பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் தன்னிடமுள்ள 14 அங்குல கட்டிங் மெஷினில் மர பிளேடு மாட்டித் தருவதாகச் சொல்கிறார். அதுவே போதுமா?

பதில்: மூன்றாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விரல் சம்பந்தப்பட்ட விஷயம் அது. வேண்டாம் ஐயா. அந்த 14 அங்குல இயந்திரம் இரும்புக் குழாயையும் ஆங்கிளையும் உராய்வுச் சக்கரத்தால் தேய்த்து அறுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் அச்சில் மர பிளேடு உட்கார்ந்துவிடும் என்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். உராய்வுச் சக்கரத்துக்குப் பல் கிடையாது. மர பிளேடின் பல்லோ மரத்தைக் கவ்வி இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்க நீளமான, நேரான பின்சுவர் வேண்டும். பிளேடு இறங்கும்போது விலகி, ஏறும்போது தானாக மூடிக்கொள்ளும் காப்பு வேண்டும். கட்டிங் மெஷினில் மரத்துக்கேற்ற அந்த இரண்டும் இல்லை. இதே காரணத்தால் ஆங்கிள் கிரைண்டரில் பல்லுள்ள மர பிளேடு மாட்டும் பழக்கத்தையும் எங்கே கண்டாலும் தடுத்துவிடுங்கள். நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுழலும் கருவி கையிலிருந்து துள்ளினால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது.

இனி உங்கள் பட்டியல். ஸ்லைடிங் அவசியமா என்பதை மரத்தின் அகலம்தான் தீர்மானிக்கும். ஸ்லைடிங் என்றால் பிளேடும் மோட்டாரும் சேர்ந்த தலை முன்னும் பின்னும் நகரும். அப்படி நகராத சாதாரண 10 அங்குல மைட்டர் சா சுமார் ஐந்தரை அங்குல அகலம்வரை ஒரே இறக்கத்தில் அறுக்கும். 12 அங்குல இயந்திரம் சுமார் எட்டு அங்குலம்வரை போகும். பீடிங், ஃபிரேம் சட்டம், நிலைக்கட்டை எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். பத்து அங்குல அலமாரிப் பலகை மட்டும் அடங்காது. ஸ்லைடிங் வகையில் 10 அங்குல பிளேடே ஏறக்குறைய 12 அங்குல அகலத்தை நேராக அறுத்துவிடும். 45 டிகிரிக்குத் திருப்பினால் அது எட்டரை அங்குலமாகக் குறையும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் நேர்வெட்டுக்கானது.

அலமாரிக்குப் பிளைவுட் வாங்குவதாக இருந்தால் 8×4 அடித் தாளைப் பத்து அங்குலப் பட்டைகளாக நீளவாக்கில் கிழிக்க வேண்டியிருக்கும். எந்த மைட்டர் சாவும் அதைச் செய்யாது. நேரான கம்பி அல்லது சட்டத்தை வழிகாட்டியாகக் கட்டி, கையில் பிடிக்கும் சர்க்குலர் சா ஓட்ட வேண்டும். அந்தச் சர்க்குலர் சா எப்படியும் வாங்கப்போகிறீர்கள் என்றால், அதே வழிகாட்டியை வைத்துப் பத்து அங்குலக் குறுக்குவெட்டையும் முடித்துவிடலாம். அப்போது உங்கள் மைட்டர் சா நகராத் தலை வகையாக இருந்தாலே போதும். ஊஞ்சல் பலகைக்கும் இதே முறைதான். இரண்டடி அகலப் பலகை எந்த மைட்டர் சாவிலும் அடங்காது.

அதனால் என் தீர்ப்பு இதுதான்: உங்கள் பணம் நல்ல ஸ்லைடிங் இயந்திரத்துக்கு எட்டினால் அதை வாங்குங்கள். ஒரே நீளத்தில் இருபது அலமாரித் தட்டுகளை அறுக்கும்போது அதன் அருமை தெரியும். மலிவான ஸ்லைடிங்தான் எட்டும் என்றால் வேண்டாம். அதே பணத்தில் நல்ல நகராத் தலை இயந்திரம் ஒன்றும் சர்க்குலர் சா ஒன்றும் வாங்குங்கள். தலை நகரும் தண்டுகள் தளர்ந்த இயந்திரத்தில் 45 டிகிரி சேராது. நீங்கள் இவ்வளவு செலவு செய்வதே அந்த 45 டிகிரிக்காகத்தான்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு போட்டோ ஃபிரேமுக்கு நான்கு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் 45-க்குப் பதிலாக 44¾ டிகிரியாக இருந்தால் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எட்டு கால் டிகிரிகளும் சேர்ந்து இரண்டு டிகிரியாகின்றன. மூன்று மூலைகளை இறுக்கி ஒட்டிய பிறகு அத்தனையும் நான்காவது மூலையில் வந்து நிற்கும். சட்டம் 60 மி.மீ. அகலம் என்றால் சாய்வெட்டின் நீளம் சுமார் 85 மி.மீ. அங்கே இரண்டு டிகிரி என்பது 3 மி.மீ. வாய்திறப்பு. புட்டி வைத்து அடைத்தாலும் தேக்கில் பாலிஷ் ஏறியதும் அது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். கைவாளில் மூலைகள் சேராமல் போனதற்கு உங்கள் கையை மட்டும் குறை சொல்ல வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது எல் வடிவ மூலைமட்டம் நல்லதாக ஒன்றையும் ஒரு சாக்பீஸையும் கொண்டுபோங்கள். முதலில் பிளக்கை எடுக்கச் சொல்லுங்கள். தலையை உங்களை நோக்கிக் கடைசிவரை இழுத்து, கீழே இறக்கி, கைப்பிடியை இடமும் வலமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். நன்றாகச் செய்த இயந்திரத்தில்கூடச் சிறு நெகிழ்வு இருக்கும். அது ஒரே சீராக இருந்தால் பரவாயில்லை. நடுவில் ‘டக்’ என்று தட்டினால் தண்டுக்கும் அதன் பேரிங்குக்கும் இடையில் இடம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இயந்திரத்தை விட்டுவிடுங்கள். அடுத்து, கோணத்தைப் பூஜ்யத்தில் பூட்டி, மூலைமட்டத்தின் ஒரு கையை ஃபென்ஸில், அதாவது மரத்தைச் சாய்த்து வைக்கும் பின்சுவரில், ஒட்டி வையுங்கள். மறுகை உங்களை நோக்கி நீண்டிருக்க வேண்டும். மூலைமட்டத்தின் பக்கம் சாய்ந்திருக்கும் ஒரு பல்லில் சாக்பீஸால் அடையாளமிட்டு, அந்தப் பல் மூலைமட்டத்தை உரசியும் உரசாமலும் நிற்கும்படி வைத்துக்கொண்டு தலையை மெதுவாக முன்னே இழுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை அதே மெல்லிய உரசல் கேட்க வேண்டும். பாதியில் இடைவெளி விழுந்தால் தலை நேராக ஓடவில்லை. ஃபென்ஸை மட்டும் திருத்தினால் சரியாகிவிடும் பிழையா, தண்டின் பிழையா என்று கடைக்காரரையே சரிசெய்து காட்டச் சொல்லுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் இவ்வளவு விலையுள்ள பொருளை வாங்க வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை உங்கள் நிலைக்கட்டைதான் முடிவு சொல்கிறது. எட்டரை அங்குல, அதாவது 216 மி.மீ. பிளேடு கொண்ட ஸ்லைடிங் இயந்திரங்கள் எடை குறைந்தவை, கையாள எளியவை, அகலத்திலும் 12 அங்குலம்வரை போகும். பீடிங்கும் ஃபிரேமும் மட்டும் என்றால் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் அவற்றின் வெட்டு ஆழம் 65 முதல் 70 மி.மீ.தான். மூன்று அங்குலக் கட்டை 75 மி.மீ. இருக்கிறது. கடைசிச் சில மி.மீ.க்காகக் கட்டையைத் திருப்பிப்போட்டு அறுத்தால் நடுவில் படி விழும். 10 அங்குலம், அதாவது 254 அல்லது 255 மி.மீ. பிளேடு, சுமார் 90 மி.மீ. ஆழம் இறங்கும். உங்களுக்கு அதுதான் சரி. 12 அங்குலம் வேண்டாம். பெரிய பிளேடு அதிகம் அதிரும், அதன் விலையும் கூடுதல், உங்கள் பட்டியலில் அதற்கு வேலையே இல்லை.

இரு பக்கமும் சாயும் தலை உங்களுக்குத் தேவையில்லை. ஒரு பக்கம் சாய்ந்தால் போதும். வெட்டுக்கோடு காட்டும் லேசர் நாளடைவில் இடம் மாறும். பிளேடின் நிழலையே மரத்தில் விழச்செய்யும் எல்.இ.டி. விளக்கு இருந்தால் அது மேல், ஏனென்றால் நிழல் பொய் சொல்லாது. வாட் கணக்கில் மயங்க வேண்டாம். 1500 முதல் 1800 வாட் தேக்குக்குத் தாராளம். மெதுவாக வேகமெடுக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் இருந்தால் நல்லது. 16 ஆம்ப் பிளக் பாயின்ட் கட்டாயம். வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டாதீர்கள். நீட்டிப்பு ஒயர் தேவைப்பட்டால் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியாக வாங்கி, சுருளை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இயந்திரத்தோடு வரும் பிளேடு பெரும்பாலும் கட்டுமான வேலைக்கானது, பல் குறைவு. முதல் நாளிலேயே கார்பைடு முனையுள்ள, 60 முதல் 80 பல் கொண்ட பிளேடு ஒன்றுக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள். பல்லின் எண்ணிக்கையைவிட முக்கியம் அதன் சாய்கோணம். மேசைக்குள்ளிருந்து பிளேடு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் டேபிள் சாவின் பிளேடுகளில் பல் பதினைந்து, இருபது டிகிரி முன்னோக்கிச் சாய்ந்து மரத்தை ஆவலோடு கவ்வும். ஸ்லைடிங் மைட்டர் சாவுக்கு அது ஆகாது. பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் ஹுக் கோணம் +5 டிகிரிக்கும் −5 டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும். மையத் துளையையும் பாருங்கள். 10 அங்குல பிளேடுகள் நம் சந்தையில் 30 மி.மீ. துளையிலும் 25.4 மி.மீ. துளையிலும் கிடைக்கின்றன. உங்கள் இயந்திரத்தின் அச்சு எதுவோ அதையே கேட்டு வாங்குங்கள்.

சாய்கோணத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மைட்டர் சா பிளேடின் முன்பக்கப் பற்கள், அதாவது உங்களைப் பார்த்திருக்கும் பற்கள், கீழ்நோக்கிச் சுழல்கின்றன. தலையை உங்களை நோக்கி இழுத்துக்கொண்டே அறுத்தால் அந்தப் பற்கள் மரத்தின் மேல் தொற்றி, மேட்டில் ஏறும் வண்டிச் சக்கரம்போலத் தலையோடு உங்களை நோக்கிப் பாய்ந்துவரும். ஸ்லைடிங் இயந்திரத்தில் நடக்கும் மோசமான விபத்துகளில் இது ஒன்று. முறை இப்படி: மரத்தை ஃபென்ஸோடு ஒட்டிக் கிளாம்ப் போடுங்கள். நிறுத்திய நிலையிலேயே தலையை முன்னே இழுங்கள். சுவிட்சை அழுத்தி முழு வேகம் வந்ததும் கீழே இறக்குங்கள். பிறகு ஃபென்ஸை நோக்கித் தள்ளிக்கொண்டே அறுங்கள். முடிந்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு முழுவதும் நின்ற பிறகே தலையை உயர்த்துங்கள். சுழலும் பிளேடை மேலே தூக்கினால் அறுந்த சிறு துண்டைக் கவ்வித் தெறிக்கவிடும். பிளேடிலிருந்து கை அரையடி தள்ளியே இருக்கட்டும். சின்னத் துண்டை விரலால் பிடித்து அறுக்கவே கூடாது. வேட்டி, தோளில் துண்டு, கையுறை மூன்றும் இந்த இயந்திரத்தின் பக்கமே வரக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் காதுக் காப்பும் ஒவ்வொரு முறையும் வேண்டும்.

தூளைப் பற்றி நம் ஊரில் யாரும் கவலைப்படுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தேக்குத்தூள் தோல் அரிப்பையும் கொடுக்கும். இயந்திரத்தோடு வரும் துணிப்பை தூளில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். குழாயில் வேக்குவம் கிளீனரை இணையுங்கள், என்.95 முகக்கவசம் அணியுங்கள். பேத்தி அந்த அறைக்கு வருவாள் என்றால் வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஸ்லைடிங் இயந்திரங்களில் தண்டுகள் பின்பக்கம் நீளும். சுவருக்கும் மேசைக்கும் இடையில் ஓரடிக்குமேல் காலி இடம் கேட்கும். மடங்கும் கை அல்லது முன்பக்கத் தண்டு கொண்டவை சுவரை ஒட்டியே நிற்கும், விலை அதிகம். எடை இருபது கிலோவைத் தாண்டும் என்பதால் அதை மாடிக்கும் கீழுக்கும் தூக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே இடத்தில் போல்ட் போட்டு நிறுத்தி, இரு பக்கமும் அதன் மேசை மட்டத்துக்கே பலகைத் தாங்கிகள் அமைத்துவிடுங்கள். மோட்டாரில் தேயும் கார்பன் பிரஷ், காப்பு மூடி ஆகியவை திருச்சியிலேயே கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

இயந்திரம் வீட்டுக்கு வந்ததும் தேக்கில் கைவைக்காதீர்கள். ஆறேழு அங்குல அகலமும் இணையான ஓரங்களும் உள்ள ஒரு பழைய பலகையைப் பூஜ்யத்தில் நடுவே அறுங்கள். ஒரு துண்டை மட்டும் தலைகீழாகப் புரட்டிப்போட்டு, இரண்டையும் நேரான கம்பியில் அணைத்து வெட்டு முகங்களைச் சேருங்கள். ஒளி தெரிந்தால் அந்த இடைவெளி உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு. கையேட்டில் சொல்லியபடி ஃபென்ஸைச் சரிசெய்து, ஒளி மறையும்வரை திரும்ப அறுத்துப் பாருங்கள்.

பீடிங் அறுக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பூசிய சுவரின் மூலை சரியாக 90 டிகிரியாக இருப்பது அபூர்வம். மடக்கு கோணமானியால் அளந்து பாதியாக்குங்கள். மூலை 92 டிகிரி என்றால் ஒவ்வொரு துண்டின் முனையும் 46 டிகிரி. ஆனால் மைட்டர் சாவின் அளவுகோல் நேர்வெட்டையே பூஜ்யமாகக் கொள்வதால் அதில் 90-லிருந்து 46-ஐக் கழித்து 44-இல் வைக்க வேண்டும். 46-இல் வைத்தால் பிழை இரட்டிப்பாகும். இரண்டு சிறு துண்டுகளை முதலில் அறுத்து மூலையில் பிடித்துப் பார்த்து, பொருந்திய பிறகு நீளத் துண்டை எடுங்கள். அதையும் ஒரு மி.மீ. கூடுதலாகவே அறுத்து, வைத்துப் பார்த்து, சீவிக் குறைத்துக்கொள்ளுங்கள்.