குழந்தைகள் நலனுக்காகவே வாழ்ந்து மறைந்த ஒருவரை எப்படிக் கௌரவிப்பது?

"எங்கள் இல்லத்தை நடத்தி வந்த பெரியவர் காலமாகிவிட்டார், முதல் நினைவு நாள் வருகிறது, என்ன செய்யலாம்? யாரையாவது முன்மாதிரியாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்ன செய்ய வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை வெயிலில் நிறுத்தாதீர்கள்.

நான் ஆறு வருஷம் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கிற அக்காவாக இருந்தேன். ஊர், பேர் வேண்டாம். நிறுவனர் நினைவு நாளென்றால் காலை எட்டு மணிக்கே எண்ணெய் வைத்து வாரிய தலையோடு பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வருவார். ஃப்ளெக்ஸில் நிறுவனர் படம் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவில் இருக்கும், வந்தவர்கள் படம் ஆளுயரத்துக்கு. மாலை போட்டு, பேசி, போட்டோ எடுத்து, தொன்னையில் கேசரி கொடுத்து முடிப்பார்கள். ஒரு வருஷம் இரண்டாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன் மாலை போட்ட படத்தைக் காட்டி, "அக்கா, அந்தத் தாத்தா அடிப்பாரா?" என்று கேட்டான். அவரைப் பற்றி அவனுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நான் உட்பட.

அதற்குப் பிறகுதான் யானுஷ் கோர்ச்சாக்கைத் தேடிப் படித்தேன். போலந்துக்காரர், யூதர், குழந்தை மருத்துவர். இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். 1912இல் வார்சாவின் குரோக்மல்னா தெருவில் 92ஆம் எண் கட்டடத்தில் யூத அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைத் தொடங்கி நடத்தியவர். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்த இல்லத்தின் ஏறக்குறைய 200 பிள்ளைகளை ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். தப்பிக்க வழி செய்கிறோம் என்று நண்பர்கள் எத்தனையோ முறை சொல்லியும் கேட்காமல் பிள்ளைகளோடே போனார். அவர் பேரைக் கேள்விப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கடைசி நடை மட்டும்தான் தெரியும். எனக்கு அதில் ஒரு மனக்குறை. அதற்கு முந்தைய முப்பது வருஷம் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதல்லவா நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியது?

அங்கே பிள்ளைகளுக்கென்று ஒரு நீதிமன்றம் இருந்தது. விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே. யார் மேல் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம், பெரியவர்கள் மேலும். நீதிபதிகள் ஐந்து பேர், எல்லோரும் பிள்ளைகள். அந்த வாரம் தன் மேல் வழக்கு இல்லாதவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். கோர்ச்சாக் எழுதிய சட்டப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் எண் கணக்குதான். 1 முதல் 99 வரை உள்ள பிரிவுகள் எல்லாம் வழக்கைத் தள்ளுவதற்கோ மன்னிப்பதற்கோ. தெரியாமல் செய்தான், இனித் தெரிந்துகொள்வான், வேண்டுமென்று செய்யவில்லை, வருந்துகிறான், இப்படி. 100இல்தான் முதல் முறையாக மன்னிப்பு இல்லை. அதிலும் தண்டனை கிடையாது, 'இவன் இதைச் செய்தான்' என்று நீதிமன்றம் பதிவு செய்யும், அவ்வளவுதான். அங்கிருந்து நூறு நூறாக ஏறி 1000இல் முடியும். 1000 என்றால் இல்லத்தை விட்டு அனுப்புவது.

அரை வருஷத்தில் ஐந்து முறை தன்னையே அந்தக் கூண்டில் நிறுத்திக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஒரு பையனைக் காதில் அறைந்ததற்கு ஒரு முறை. ஒருத்தனைப் படுக்கை அறையிலிருந்து வெளியே தள்ளியதற்கு, ஒருத்தனை மூலையில் நிற்க வைத்ததற்கு, ஒரு நீதிபதியை அவமதித்ததற்கு, ஒரு சிறுமியைத் திருடி என்று சொன்னதற்கு. இந்தப் பட்டியலைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மகான் என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்தேன், நம்மைப் போலவே கை நீட்டிய ஆள் இருந்தார். நீட்டியதை மறைக்காத ஆள்.

இன்னும் எவ்வளவோ. சண்டைக்காரப் பையன்களோடு மிட்டாய் பந்தயம் கட்டுவார்: இந்த வாரம் எத்தனை சண்டை, அடுத்த வாரம் எத்தனையாகக் குறைப்பாய்? ஜெயித்தாயா இல்லையா என்பதற்கு அவன் வாய்ச்சொல்தான் சாட்சி. 1926இல் பிள்ளைகளே எழுதுகிற வாராந்தரப் பத்திரிகையைத் தொடங்கி, நாலு வருஷத்தில் ஆசிரியர் நாற்காலியைத் தன்னிடம் செயலராக இருந்த இளைஞர் இகோர் நெவெர்லியிடம் கொடுத்துவிட்டார்.

ட்ரெப்லிங்காவில் இன்று சுமார் 17,000 கற்கள் நட்டிருக்கிறார்கள். பல கற்களில் ஊர்ப் பெயர்கள். தனி மனிதரின் பெயர் ஒரே ஒரு கல்லில்: யானுஷ் கோர்ச்சாக், பிள்ளைகளும். அந்தப் 'பிள்ளைகளும்' இல்லாவிட்டால் அவரே ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்காவின் பெயர் அதில் இல்லை. முதல் உலகப் போரில் டாக்டர் ராணுவத்துக்குப் போனபோது வீட்டைத் தாங்கியவர், 1939இல் பாலஸ்தீனத்திலிருந்து வார்சாவுக்கே திரும்பி வந்தவர், கடைசியில் அதே ரயிலில் ஏறியவர். உங்கள் பெரியவர் பின்னாலும் இப்படி ஒரு அம்மா சமையல்கட்டிலோ கணக்கு நோட்டிலோ இருந்திருப்பார். அவரையும் மேடைக்குக் கூப்பிடுங்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? குழந்தைகள் குழு, ஆலோசனைப் பெட்டி எல்லாம் நம் நாட்டில் குழந்தைகள் இல்லங்களுக்கும் பொருந்துகிற 2016 இளைஞர் நீதி மாதிரி விதிகளிலேயே இருக்கிறது. எங்கள் பெட்டி வார்டன் அறை வாசலில் தொங்கியது. அவர் கண் முன்னால் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்? பூட்டு துருப்பிடித்து, குறடு வைத்து உடைத்தோம். உள்ளே இரண்டு பல்லி முட்டை, ஒரு பழைய சீட்டு: 'பாத்ரூம்ல தாப்பா இல்ல.' நினைவு நாளுக்கு முதல் வேலையாகத் தாழ்ப்பாள் போட்டோம். பெட்டியைத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டுக் குலுக்கி ஐந்து நீதிபதிகள்.

முதல் இரண்டு வாரம் சோப்பு, பென்சில், பட்டப் பெயர். மூன்றாவது வாரம் என் மேல். ஏழாவது படிக்கிற பெண். நன்கொடை கொடுக்க வந்தவர்களிடம், அவள் பக்கத்தில் நிற்கும்போதே, "இவ அப்பா ஜெயில்ல இருக்காரு, பாவம்" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்குத் தேதி, கிழமை, அன்றைக்கு நான் கட்டியிருந்த சேலையின் நிறம் வரை ஞாபகம் இருந்தது.

நீதிபதிகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ரொம்ப நேரம் பேசினார்கள். திரும்பி வந்து, மூத்தவன் என் முகத்தைப் பார்க்காமல், "நூறு, அக்கா" என்றான்.

'கலா அக்கா இதைச் செய்தார்' என்று எழுதிய தாள் ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் இருந்தது, பால் கணக்குக்குப் பக்கத்தில். அந்த வாரம் பிறந்தநாள் சாப்பாடு போட வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, "யாருங்க இந்தக் கலா?" என்று என்னிடமே கேட்டார். நான்தான் என்றேன்.